வாவாவிலிருந்து யார் வருவார்?

சண்முகநாதன் வழியில் நின்றுபோன வண்டிக்கு உதவி அனுப்பும் ஏழு கம்பனிகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ஏழிலும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: வடக்கே வாவா என்ற சிற்றூர்ப் பக்கம் வண்டி நின்றுவிட்டால், இழுத்துப்போக எத்தனை மணித்தியாலத்தில் ஆள் வரும்?

கேள்விக்குக் காரணம் அவருடைய மனைவி பாலேஸ்வரியின் மூக்கில் இருந்தது. இரண்டு வருடமாக மெல்லிய குழாய் ஒன்று அங்கிருந்து கைப்பை அளவு ஒட்சிசன் மெஷினுக்குப் போகிறது. ஒரு பற்றரி இரண்டு மணித்தியாலம் ஓடும். அவர்களிடம் இருப்பது இரண்டு பற்றரி. ஆக நாலு மணித்தியாலம்.

மில்லிக்கனில் வீடு, கோயில், டொக்டர் என்று இருந்த பாலேஸ்வரிக்கு மே மாதம் ஓர் அழைப்பு வந்தது. தண்டர் பேயில் இருக்கும் தங்கையின் மகள் கஜனிக்கு ஜூலையில் கலியாணம். தங்கை போன வருடம் இறந்துவிட்டார். தாயின் இடத்தில் நிற்க வேண்டியவர் பெரியம்மாதான். விமானம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தரை வழி ஆயிரத்து நானூறு கிலோமீற்றர்.

சண்முகநாதன் மிசிசாகா விமான நிலையத்தில் இருபத்தேழு வருடம் பொதி ஏற்றியவர். ஓய்வுபெற்ற பிறகு எதற்கும் அவசரப்படாத மனிதர், ஒரே கிழமையில் இருபத்துநாலு அடி நீள மோட்டார் ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். பாலேஸ்வரி நிமிர்ந்தபடி சாய்ந்து தூங்குவதற்குச் சாய்கதிரை ஒன்றை உள்ளே பூட்டினார். வண்டியின் பற்றரிகளில் ஒட்சிசன் மெஷினை ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடாவிட்டால் அரைமணித்தியாலத்துக்கு மேல் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தொலைபேசியை எடுத்தார்.

ஆறு கம்பனிகள் உற்சாகமாகப் பேசின. வழக்கமாக ஒரு மணித்தியாலம், கவலையே வேண்டாம், இன்று சேர்ந்தால் விலைக்கழிவு உண்டு. ஏழாவது கம்பனியில் பேசிய பெண் சற்று யோசித்துவிட்டு, "வாவாவிலா? எனக்கு உண்மையில் தெரியாது. அங்கே எங்களுக்கு வேலை செய்பவரின் நம்பர் தருகிறேன், நீங்களே கேளுங்கள்" என்றாள்.

"அப்பாடா, ஒருத்தி தெரியாது எண்டு சொல்லிப்போட்டாள்," என்று அந்த இடத்திலேயே சேர்ந்துகொண்டார் சண்முகநாதன்.

அதோடு விடவில்லை. சூ சென் மரீ, வாவா, வைட் ரிவர், மரத்தன், நிப்பிகன் என்று பாதையில் உள்ள ஒவ்வோர் ஊரின் இழுவை வண்டிக்காரரையும் அழைத்துப் பேசினார். யாரிடம் பெரிய வண்டி உண்டு, யார் ஞாயிறு மீன்பிடிக்கப் போவார், எந்த வண்டியின் முன்பகுதியில் இருவர் ஏறலாம், அங்கே மெஷினைச் செருக மின்சாரம் உண்டா என்றெல்லாம் எழுதினார். இழுக்கும்போது பின்னால் உள்ள வண்டிக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது என்பது விதி. மில்லிக்கன் குசினி மேசையில் இருந்தபடி, சுப்பீரியர் ஏரியின் வட கரை முழுவதையும் அவர் குரல்களாகவே தெரிந்துவைத்திருந்தார்.

வாவாவில் எடுத்தவர் இழுவை வண்டி ஓட்டும் ஷெரில் என்ற பெண். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அவர் ஒன்று கேட்டார்: "சாமான் ஏற்றியபிறகு வண்டி எத்தனை கிலோ?"

சண்முகநாதன் வண்டியை நிறுத்துப் பார்த்திருக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த வெற்று எடையோடு இரண்டு பேரையும் இரண்டு சூட்கேசையும் கூட்டித்தான் அவர் கம்பனியின் உறுப்பினர் திட்டத்தைத் தெரிவுசெய்திருந்தார். அந்தத் திட்டத்தில் ஐயாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் இழுக்க மாட்டார்கள். கலியாணத்தை அவர் கூட்டவில்லை.

தண்டர் பேயில் தமிழ்க் குடும்பங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. அதனால் சண்முகம் அண்ணை வண்டியில் போகிறார் என்று கேள்விப்பட்ட எல்லோரும் பொதியோடு வந்தார்கள். தேங்காய், பலகாரம், வாழைக்குலை, மணவறைச் சட்டம், அரிசி, திரும்பவும் அரிசி. பிக்கரிங்கில் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றியபோது ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது காட்டியது. முந்நூற்று எண்பது கூட. பெரிய திட்டத்துக்கு மாறினால் ஏழு நாள் கழித்துத்தான் செல்லும். புறப்பட இருந்ததோ மூன்றாம் நாள்.

தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டார். நூற்றைம்பது கிலோ வாசலால் ஓடிப்போனது. மிச்சம் இருநூற்று முப்பது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் மேசை போட்டு, கைத்தராசோடு இருந்தார். பொதி தந்தவர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்.

"பத்துக் கிலோ அரிசிதானே அண்ணை," என்றார் பக்கத்து வீட்டுப் பத்மநாதன்.

"பதினெட்டுக் காட்டுது. உள்ளுக்கை என்ன?"

"ஒரு சின்ன கிரைண்டர்."

"ஏன், தண்டர் பேயிலை மாவரைக்க ஏலாதோ? கொண்டுபோம், ஐசே."

"எயார்போட்டிலை கூட இப்பிடி மரியாதை கெடேல்லை!"

"அங்கை காசு கட்டினால் விட்டிருப்பன். இஞ்சை என்ரை மனிசி."

எதிர்வீட்டு நுஸ்ரா ஒரு பலகாரப் பெட்டியைக் கூச்சத்தோடு நீட்டினாள். "தொதல், அங்கிள். ரெண்டு கிலோதான்."

"பாரும் பத்மநாதன், இதுதான் பொதி."

மத்தியானம் ஆகும்போது அரிசி முழுவதும் இறங்கிவிட்டது. இன்னும் நாற்பது கிலோ கூடுதலாக நின்றது. பாலேஸ்வரி வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, என்ரை சாய்கதிரையைக் கழட்டுங்கோ."

"அது இறங்காது."

"அப்ப குத்துவிளக்கை இறக்கப்போறியளோ? அது தங்கச்சியின்ரை. அதுவும் இறங்காது."

சண்முகநாதன் எழுந்துபோய் இரண்டு ஆட்களோடு வண்டியின் மேல்கட்டிலைக் கழற்றினார். அது அவர் படுக்கவிருந்த கட்டில். நாற்பத்திரண்டு கிலோ.

"நீங்கள் எங்கை படுப்பியள்?"

"நிலத்திலை. மூண்டு ராத்திரிதானே."

அவர் இன்னொரு காரியமும் செய்தார். ஏரிக்கரைப் பாதையில் நெடுந்தூரம் கைபேசி எடுபடாது என்று ஷெரில் சொல்லியிருந்தார். அதனால் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி, ஆறு பிரதி எடுத்தார். ஒவ்வோர் ஊர் இழுவை வண்டிக்காரரின் நம்பர், உறுப்பினர் இலக்கம், வண்டியின் நீளம், எடை, கடைசி வரியில் பெரிய எழுத்தில்: என் மனைவியின் ஒட்சிசன் நாலு மணித்தியாலம்.

புறப்பட்ட இரண்டாம் நாள், காலை பத்தரைக்கு, வாவாவுக்குத் தெற்கே எழுபது கிலோமீற்றரில் எஞ்சின் பெல்ட் அறுந்தது. கைபேசியில் ஒரு கோடும் இல்லை. சண்முகநாதன் தாள்களோடு வீதியோரம் நின்றார். மரம் ஏற்றிய லொறி ஒன்று நின்றது; அதற்கு ஒன்று. படகு இழுத்துப்போன கிழவர் ஒருவருக்கு ஒன்று. தெற்கே போன சைக்கிள் கூட்டத்துக்கும் ஒன்று.

பாலேஸ்வரியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கரையில் கதிரை போட்டு இருத்தினார். முதல் பற்றரி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஏரி, மறுகரை இல்லாமல், வானத்தின் அடிவரைக்கும் கிடந்தது. அலை வந்து கறுத்தப் பாறையில் அடித்தது.

"கடல் எண்டுதான் நினைச்சன்," என்றார் பாலேஸ்வரி. "உப்பு மணமே இல்லை. இவ்வளவும் நல்ல தண்ணியோ?"

"ஓம். இவ்வளவும்."

"நாங்கள் நூற்றைம்பது லீற்றரை வாசலிலை ஊத்திப்போட்டு வந்தம்."

பாலேஸ்வரி சிரித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார். சண்முகநாதன் பற்றரியை மாற்றினார். மணி பன்னிரண்டு இருபது.

ஒரு மணி ஐந்துக்கு வளைவில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. இறங்கிய பெண் உயரமானவர், தலைமயிர் நரைத்திருந்தது. கொழுக்கியைக்கூடத் தொடாமல் நேரே பாலேஸ்வரியிடம் நடந்து வந்தார்.

"மூன்று பேர் அழைத்தார்கள்," என்றார் ஷெரில் ஆங்கிலத்தில். "சைக்கிள்காரர்கள் தொலைபேசி பிடிக்க முப்பது கிலோமீற்றர் மிதித்திருக்கிறார்கள். மூவரும் ஒரே தாளை எனக்கு எழுத்துக்கெழுத்து வாசித்தார்கள். எடை அதேதானா?"

"ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு," என்றார் சண்முகநாதன்.

ஷெரில் முன்கதவைத் திறந்தார். ஏறுவதற்கு ஒரு சிறிய படி ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. இருக்கைக்குப் பக்கத்தில் மின்சார இணைப்பு, அதில் நீட்டு வயர் ஒன்று பூட்டித் தயாராக இருந்தது. பாலேஸ்வரி ஏறி இருந்து குத்துவிளக்கை மடியில் வாங்கிக்கொண்டார். சண்முகநாதன் மெஷினைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

கலியாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.