லோன் இல்லை, லீன்

"நான் எந்த லோனும் வாங்கலையே சார்!"

நான் போட்ட சத்தத்தில், டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வங்கிக் கவுன்ட்டரில் இருந்தவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லோன் இல்லம்மா, லீன். உங்க அக்கவுண்ட் மேல லீன் போட்டிருக்காங்க."

"அது இன்னா சார், லோனுக்குத் தம்பியா?"

அவர் சிரிக்காமல் விளக்கினார். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் யாரோ ஒருவரை போனில் ஏமாற்றிப் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். அவர் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் நாலு கை மாறி, அதில் ஒரு துளி என் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய். விசாரணை முடியும்வரை என் கணக்குக்குள் பணம் வரலாம், வெளியே போகக் கூடாது.

ஆயிரத்து இருநூறு என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தி.நகரில் புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிறேன். போன மாதம் ஒரு பெண் ஓட்டமாக ஓடி வந்து, மறுநாளே கல்யாணம், தைத்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துகொண்டாள். அவசரத்துக்கென்று கூடக் கேட்டு வாங்கிய கூலி அது. அவளுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்ததோ, அவளுக்கே தெரியுமோ தெரியாதோ.

"அந்த ஆயிரத்து இருநூற நீங்களே எடுத்துக்கோங்க சார். மீதிய விட்டுடுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். கட்டலன்னா சீட்டு போயிடும்."

"என் கையில எதுவும் இல்லம்மா. சிஸ்டம்ல மேலேருந்து வந்தது. அந்த ஊர் சைபர் போலீஸுக்கு மெயில் போடுங்க. அவங்க விடச் சொன்னா உடனே விட்டுடுவோம்."

பிசியோதெரபி படிப்பு. அரசு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். நாற்பதாயிரத்துச் சொச்சம் ஃபீஸ். அவ்வளவு பணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது, கல்யாண சீசன் முழுக்கக் குனிந்து குனிந்து தைத்த பணம். என் கழுத்து நரம்பு பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரிதான் இவள் அந்தப் படிப்பின் பேரையே வீட்டில் முதலில் சொன்னாள். வேறு எதையும் விண்ணப்பத்தில் எழுதவில்லை. இது போனால் இந்த வருஷத்துக்கு வேறு ஒன்றும் கிடையாது.

ஏமாந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும், சரி. ஓடுகிற பணத்தைச் சடாரென்று மறித்தால்தான் பிடிக்க முடியும், அதுவும் சரி. எனக்கு அதெல்லாம் புரியாமல் இல்லை. ஆனால் மறிக்கிற இடத்தில் என்னைப் போல ஒருத்தி சும்மா நின்றுகொண்டிருந்தால் அவள் யாரிடம் போய் அழுவது? அதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

கடைக்கு வந்தோம். மகள் போனில் இங்கிலீஷில் மெயில் எழுதினாள். அது போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் பிளவுஸை வாங்கிக்கொண்டு, நான் தடுப்பதற்குள் ஸ்கேன் செய்துவிட்டார். பணம் வந்தால் கத்துகிற அந்த ஸ்பீக்கர் பெட்டி, முந்நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது என்று உற்சாகமாக அறிவித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கி அதை மேஜைக்கடியில் எறிந்தேன். அந்த அம்மா பயந்துபோய் மீதித் துணியைக் கேட்காமலே இறங்கிப் போனார்.

கையில் இரண்டு வளையல் இருந்தது. அதைத் தெருமுனை அடகுக் கடையில் வைத்துப் பணத்தைக் கத்தையாக வாங்கினேன். பணம் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மகள் கல்லூரிக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "கேஷ் வாங்கறதில்லம்மா. டிடியும் கிடையாது. ஆன்லைன் மட்டும்தான். சாயங்காலம் லிங்க் தானா க்ளோஸ் ஆயிடும்."

மகளுக்கென்று தனியாகக் கணக்கும் கிடையாது. கையில் நாற்பதாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு காசில்லாதவளாக நின்றது வாழ்க்கையில் அன்றுதான்.

ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் தம்பிக்கு போன் போட்டேன். "ஐயோ அக்கா, என் அக்கவுண்ட்ல மட்டும் போட்டுடாத. வண்டி டியூ ரெண்டு மாசமா நிக்கிது. காசு விழுந்துச்சுன்னா மிஷினே இழுத்துக்கும். அப்பறம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்றான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். ஆனாலும் உண்மையைச் சொன்னானே, அதற்கே அவனைக் கும்பிட வேண்டும்.

அடுத்து மயிலாப்பூர். அந்த மாமிக்கு இருபது வருஷமாகத் தைக்கிறேன். அவர் மகள் கல்யாணத்துக்கு, பேத்தியின் அரங்கேற்றத்துக்கு, எல்லாம் என் கைதான். மாமி எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, பணக்கத்தையை டீப்பாய் மேல் வைத்தேன். மாமி அதைத் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதேடிம்மா. மாமாவோட பென்ஷன் அந்த அக்கவுண்ட்லதான் வரது. ஒன்னோடத முடக்கிட்டான்னு நீயே சொல்றே. ஒனக்காக நான் கட்டினேன்னு தெரிஞ்சா எங்களோடதயும் முடக்கிட்டான்னா? இந்த வயசுல நாங்க எங்கே போய் நிக்கறது?"

நான் கொடுக்கிற நோட்டுக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று காலையில் நான் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை. மாமி பயந்தது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டோவில் மகள் வாயைத் திறந்தாள். "ஏம்மா எல்லார்கிட்டயும் அரிச்சந்திரன் மாதிரி கதைய சொல்லிக்கினு இருக்க? அக்கவுண்ட் ஃப்ரீஸ்னு கேட்டாலே அவங்க பயப்படறாங்க. உன் போன் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லு. இனிமே நான் பேசறேன். நீ வாயே தொறக்காத."

தேனாம்பேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே என் மகள் அழகாகப் பேசினாள். அம்மா போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, கேஷ் கொடுத்துவிடுகிறோம், ஃபீஸ் கட்டிக் கொடுங்கள் அண்ணா என்றாள். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஐயாயிரம், பத்தாயிரம்னா போட்டுடுவேன். இவ்ளோ பெரிய அமவுண்ட்டு என் அக்கவுண்ட்ல இல்லியேம்மா."

பக்கத்தில் ஏதோ பிளானை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பினார். சட்டையெல்லாம் சிமென்ட். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவராம். "நான் போடறேன் பாப்பா. எனக்கும் ஆளுங்களுக்குக் கூலி தரணும், கேஷாதான் வேணும். ஏடிஎம்ல ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு நிறுத்திட்றான். எனக்கும் அலைச்சல் மிச்சம்."

என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலையிலிருந்து முதல் தடவையாக அவள் பற்கள் தெரிந்தன. கல்லூரிப் பக்கத்தைத் திறந்தாள், அவளுடைய விண்ணப்ப எண்ணைப் போட்டாள், திரையில் வந்த க்யூஆர் கட்டத்தை அவர் தன் போனால் ஸ்கேன் செய்தார். தொகை வந்தது. ரகசிய எண்ணை அழுத்த விரலை வைத்தார். அவர் மகனோ மகளோ, ஒரு சின்னக் குழந்தை சிரிக்கிற படம் அந்த போனின் கவரில் ஒட்டியிருந்தது. நாளைக்கு இவர் போய் ஒரு கவுன்ட்டரில் நின்று, நான் என்ன தப்பு பண்ணேன் என்று கத்துவது என் காதில் கேட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம்."

மகள் என் தொடையில் கிள்ளினாள். நகம் இறங்கியது.

"என் போன் தண்ணில விழல. எவனோ எங்கியோ பண்ண ஃப்ராடுக்கு என் அக்கவுண்ட்ட முடக்கி வச்சிருக்காங்க. இந்தக் காசு அதுல சேர்ந்தது இல்ல, என் வளையல அடகு வச்ச காசு. ஆனாலும் நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா..."

கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியவர் விரலை எடுத்துவிட்டார். போன் திரையின் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அவர் என்னையும் பார்த்தார், என் மகளையும் பார்த்தார், திரையையும் பார்த்தார்.

"யம்மா, இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?" என்றார். குரலில் எரிச்சல்தான் இருந்தது. "தெரியாம போட்டிருந்தா நிம்மதியா வூட்டுக்குப் போயிருப்பேன். இப்ப தெரிஞ்சே போடணும்."

போட்டார். சக்கரம் சுற்றியது, நின்றது, பச்சையாக ஒரு டிக் வந்தது. நோட்டுக் கத்தையை வாங்கி எண்ணாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஜெராக்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு, நான் கும்பிட்டதைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். ரசீது அச்சாகி வெளியே வந்தபோது எனக்குக் கண் மறைத்தது.

பிற்பாடு என் கணக்கைத் திறந்துவிட்டார்கள், எதற்காக மூடினோம் என்றோ எதற்காகத் திறந்தோம் என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல். அந்தப் பெரியவருக்கு எதுவும் ஆகவில்லை என்று நம்புகிறேன். தெரிந்துகொள்ள வழியில்லை.

அன்று பஸ்ஸில் என் மகள் ரசீதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். நந்தனம் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"அவர் முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"வேற யாரையாச்சும் கேட்டிருப்போம்டி."

"வேற யாரும் இல்லன்னு உனக்குத் தெரியும்மா" என்றாள். "தெரிஞ்சேதான் சொன்ன."

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன். ரசீதைப் பத்திரமாக இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.