வேண்டாம் சொல்லும் பயிற்சி

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். "ஆகட்டும், பாத்துக்கலாமுங்க" என்பார்கள். சூலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதன் அர்த்தம் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

பேச்சு, செவித்திறன் படிப்பில் இளங்கலை முடித்ததும் காந்திபுரத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பேச்சு வராத குழந்தைகள், திக்குகிறவர்கள், ஸ்ட்ரோக் வந்து பேச்சை இழந்தவர்கள் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மையத்தை நடத்திய மேடம் நான் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி, தன் அறையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார். "எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும் கண்ணு. பஸ்ஸுல கிஸ்ஸுல தொலைச்சுப்போட்டீன்னா என்ன பண்ணுவே?" என்றார். என்ன அக்கறை என்று அப்போது எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நானே இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன்.

மூன்றாவது வருடம், பேச்சு சிகிச்சையில் முதுகலை படிக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரோக் வந்தவர்களோடு உட்காரும்போதெல்லாம், எனக்குத் தெரிந்தது போதவில்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். வேலை செய்யும் இடத்தின் தலைவர் கையெழுத்திட்ட அனுபவச் சான்றும் வேண்டும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. எனக்கு வேண்டியதெல்லாம் மேடத்திடமே இருந்தது.

முதலில் கேட்டபோது, "அட, நெம்ப நல்ல விசயம் கண்ணு! ஆகட்டும், பாத்துக்கலாம்" என்று எனக்கு டீ வரவழைத்தார். அடுத்த வாரம் கேட்டபோது பீரோ சாவி வீட்டில் இருந்தது. அதற்கடுத்த வாரம் கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தை என் நெற்றியில் அவரே வைத்துவிட்டு, "இரு கண்ணு, ஒரு போன் பேசிப்போட்டு வாரேன்" என்று போனவர் போனவர்தான். ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் நானும் மேசையைத் தட்டியிருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் சும்மா வராது. ஆனால் குங்குமம் வைத்த கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? வயிற்றெரிச்சலை அம்மாவிடம் கொட்டினேன். "அவங்க இத்தன தன்மையாப் பேசறாங்க, நீ எதுக்கு மொறைக்கறே? அடுத்த வருசம் எழுதிக்கோ போ" என்று அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவர், ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் சேலை எடுத்துக் காட்டியவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஸ்ட்ரோக்கில் வலது கையும் பேச்சும் போயிருந்தன. மிஞ்சியது ஒரே வார்த்தை. காலையிலிருந்து ராத்திரி வரை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை: சரிங்க.

"காபி குடிக்கிறீங்களா?" "சரிங்க." "கால் வலிக்குதுங்களா?" "சரிங்க." "ஊட்டுக்குப் போலாமுங்களா?" "சரிங்க." அவர் சொல்ல நினைப்பது ஒன்றாக இருக்கும், வாயில் வந்து விழுவது இதுவாக இருக்கும். அவருடைய மனைவி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டு வைப்பார். அந்த மனுசன் கண்ணெல்லாம் சிவந்து, தலையை ஆட்டி, "சரிங்க, சரிங்க" என்று கத்துவார். இட்லி தட்டில் விழுந்துவிடும். பார்க்கவே பாவமாக இருக்கும். முதல் வாரமே அவர் கோப்பில் எழுதி வைத்தேன்: "சரிங்க: பதில் அல்ல. கண்ணையும் கையையும் பார்க்கவும்."

அதனால் அவருக்கு முதலில் 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கத் தொடங்கினேன். நல்ல கையான இடது கையைப் பிடித்து மேசையில் இரண்டு தட்டு. வேண். டாம். கொஞ்சம் ராகம் போட்டு, கூடவே நானும் சொல்வேன். கரண்டிக்குக் கை நீட்டினால் சீப்பைக் கொடுப்பேன். அவருக்குப் பிடிக்காத பாகற்காயைத் தட்டில் வைத்து நீட்டுவேன். இரண்டு வாரத்தில் உதடு குவிய ஆரம்பித்தது.

அப்போது மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஏனுங்க அம்மணி, வேண்டாமுங்கன்னு சொல்லிக்குடுங்களேன். ஊட்டுக்கு வாரவங்ககிட்ட மொட்டையா வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?"

"அக்கா, ரெண்டு தட்டுக்கே அண்ணனுக்கு வேர்த்து ஊத்துதுங்க. மரியாதையைப் பொறகு சேத்திக்கலாம்."

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் உட்கார்த்தி வைத்து 'ங்க' சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீளம் தாங்காமல் கணவர் பழையபடி சரிங்கவுக்கே ஓடிவிட்டார். உதட்டில் வந்ததும் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தை மென்று முழுங்கிவிட்டு, பாகற்காயிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். நான்காவது மாதத்தில் என் கூடவே சேர்ந்து சொல்லும் அளவுக்கு வந்தார். தானாகச் சொன்னதில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? நான் அவரைப் பற்றித்தான் எழுதினேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாதவர் தன் வீட்டிலேயே சிறையில் இருக்கிறார் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதித் தள்ளியிருந்தேன். எழுதிய மறுநாளும் மேடம் அறை வாசல் வரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சூலூரிலிருந்து வரும் பஸ்ஸில், "எனக்கு இன்னைக்கே வேணுமுங்க மேடம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு அறைக்குள் போய் அதையே சொல்லியும் விட்டேன். மேடம் கோபப்படவில்லை. பீரோ சாவி அவர் கையிலேயே இருந்தது.

"எடுத்துத் தாரேன் கண்ணு. அதுக்கு முன்ன அவங்ககிட்ட ஒருக்கா சொல்லிப்போடு. பாவம், உன்னையே நம்பி வாராங்க" என்று என் தோளில் கைபோட்டு, கணவனும் மனைவியும் காத்திருந்த பயிற்சி அறைக்கு அழைத்துப் போனார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "அம்மணி மேல்படிப்புக்கு வெளியூர் போறாங்களாமுங்க. இனி வேற ஆளுதான் பாக்கோணும்."

மனைவி அழுவார் என்று நினைத்தேன். "நல்லாப் படிங்க அம்மணி. நாங்க எப்படியோ பாத்துக்கறமுங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மெதுவாக மேசைக்கு வந்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"வேண்... டாம்."

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் கை தட்டிவிட்டேன். "என்ற சாமி!" என்று மனைவி அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். 'ங்க' இல்லாதது அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே மேடம் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். பாவி மனுசா, சொல்வதற்கு உனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

பழக்கதோஷத்தில் சோதித்துப் பார்த்தேன். "நான் போகட்டுங்களா?" "வேண்டாம்." முன்னைவிட உறுதியாக. "இங்கியே இருக்கட்டுங்களா?" "சரிங்க." அன்றைக்குக் கண்ணும் கையும் வார்த்தையோடு ஒத்துப்போயின. அது உண்மையான பதில்தான்.

மேடம் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "பாத்தியா கண்ணு, எத்தன பெரிய விசயம்! உம் படிப்பு எங்கீம் போகாது. அடுத்த வருசம் பாத்துக்கலாமா?"

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டே தட்டு. நான்கு மாதமாக நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை. என் கை மேசை வரை போய் நின்றது.

"சரிங்க" என்றேன்.

ஐந்து மணிக்கு அவர் கோப்பை எடுத்து, "வேண்டாம்: தானாக, தேவையான இடத்தில், இரண்டு முறை" என்று எழுதினேன். தேதி போட்டேன். பழைய பக்கங்களைப் புரட்டியபோது முதல் பக்கத்தில் என் கையெழுத்தே கிடந்தது. சரிங்க: பதில் அல்ல. கண்ணையும் கையையும் பார்க்கவும்.

என் கண்ணையும் கையையும் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.