இரண்டு சீட்டு வண்டியும் ஒரு வாளித் தண்ணீரும்

என்னைக் கட்டிக்கொள்வதற்கு மூன்று மாதம் முன்பே என் வீட்டுக்காரர் ஒரு காரைக் கட்டிக்கொண்டுவிட்டார். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன சீமை வண்டி அது. சிவப்பு நிறம். மேலே கூரை கிடையாது. சைக்கிளுக்கு இருப்பதுபோலச் சக்கரமெல்லாம் கம்பி. உள்ளே இரண்டே சீட்டு. விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த, பதினான்கு பேர் பந்தி போட்டுச் சாப்பிடும் குடும்பத்தில் ஒருவர் இரண்டு சீட்டு வண்டி வாங்கி வருகிறார் என்றால் அவர் என்ன நினைத்து வாங்கினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் என் நாத்தனார் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "நாங்கள்லாம் எங்கன உக்காரணும்?" என்று கேட்டாள். ஏதோ நான்தான் பின் சீட்டைக் கழற்றி ஒளித்து வைத்ததுபோல ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. அந்த வண்டியை ஓட்டிய நேரத்தைவிடக் கழற்றிய நேரம்தான் அதிகம். லாரி ஷெட் வைத்திருந்த பாய் ஒருவர் எங்களுக்கு மெக்கானிக். ஊரில் உள்ள லாரியெல்லாம் அவர் கையில் பிழைத்ததுதான், ஆனால் அவரிடமிருந்த ஸ்பேனர் ஒன்றுகூட இந்த வண்டியின் நட்டுக்குச் சேராது. ஒன்று லொடலொடவென்று ஆடும், இல்லையென்றால் நுழையவே நுழையாது. துரை ஒரு தோல் பையில் ஆறு ஸ்பேனர் கொடுத்திருந்தார். அவற்றை என் வீட்டுக்காரர் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பாய் வரும்போதெல்லாம் நான் கைகழுவிவிட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பேட்டரி விஷயம் இன்னும் வேடிக்கை. மற்ற வண்டியில் மைனஸ் வயர் பாடிக்குப் போகும் என்றால், இதில் பிளஸ் போகும். பேட்டரி கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பாவம் துரைக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவராகவே மாற்றி மாட்டி அனுப்பினார். மீட்டர் முள் பின்பக்கமாகப் போனது. அப்புறம் ஒரு கருகல் வாசனை வந்தது. பதினைந்து நாள் வண்டி வாசலில் நின்றது.

எங்கள் ஊர் வெயிலுக்குத் தோதாக வண்டியை மாற்றுகிறேன் என்று என் வீட்டுக்காரர் செய்த வேலைகள் தனி. கூரைக்கு மண்டித் தார்ப்பாயை வெட்டி, சாக்குத் தைக்கிறவரைக் கொண்டு கோணி ஊசியால் தைத்துப் போட்டார். அதில் பத்து வருஷத்து மிளகாய் நெடி ஊறியிருந்தது. காற்று அடித்தால் இரண்டு பேரும் தும்முவோம். மழை பெய்தால் என் சேலையில் சிவப்பாகச் சொட்டும். ரேடியேட்டர் பத்து மைலுக்கு ஒரு தரம் கொதித்து வெள்ளையாகப் புகை கக்கும் என்பதால் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அதன் சத்தம்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்னாலிருந்து டமார் என்று ஒரு வெடி வெடிக்கும். விருதுநகர் பஜாரில் மாடு மிரளும், ஆள் திட்டும், அதோடு போயிற்று. ஆனால் நான் பிறந்த வீடு ஆனைக்குட்டம் தாண்டி, சிவகாசிக்குப் போகும் வழியில், அப்பாவின் பட்டாசு ஆலை காம்பவுண்டுக்குள் இருந்தது.

ஆலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எல்லாம் தனித்தனிச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒவ்வோர் அறைக்கும் நாலு பக்கமும் வாசல். சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடு, எவரையும் காப்பாற்றப் போகாதே என்பது அப்பா போட்ட சட்டம். திரி எரிந்தும் வெடிக்காத வெடி கிடந்தால் கிட்டேயே போகாதே, எட்ட நின்று தண்ணீரை ஊற்று என்பது இரண்டாவது. எனக்குப் பத்து வயதில் ஓர் அறை வெடித்துப் போனது. உள்ளே இருந்தது என் சித்தப்பா. காப்பாற்ற ஓடியவரும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை அப்பா யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

மறுவீட்டுக்கு வண்டியில் போனோம். ஆலை கேட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மாமனாருக்கு மரியாதையாக வேகத்தைக் குறைத்தார். டமார். அறுபது ஆள் ஒரே மூச்சில் வெளியே பாய்ந்து, கருவேலங்காட்டைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் வயலில் போய் நின்றார்கள். சீசன் நேரம். சாயங்காலம் வரைக்கும் ஒருவரும் உள்ளே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உதடு வெளுத்திருந்தது.

விருந்து நடந்தது. ஆனால் கிளம்பும்போது அப்பா சொன்னார். "மாப்ளை, நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. அந்த வண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது."

வண்டி வராத வீட்டுக்கு நானும் வரவில்லை என்று இவர் திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை, என்னிடம் சொன்னார். அதன்பிறகு பிறந்த வீட்டுக்கு நான் தனியாக பஸ்ஸில்தான் போய் வந்தேன். கல்யாணம் ஆகி ஆறு மாதம் ஆகாத பெண், கையில் பலகாரத் தூக்கோடு பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கினால் ஊர் எப்படிப் பார்க்கும்? மாப்பிள்ளை வரலையா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, என்ன தாயி விசேஷமா கோபமா என்று வழியெல்லாம் கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய் சொன்னேன். இரண்டு ஆம்பிளைகளின் ரோஷத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது நான். இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஒரு நாள் அப்பாவிடம் சண்டையே போட்டேன். கடைசியில் இறங்கி வந்தார். ஆயுத பூஜைக்கு ஆலை வண்டியெல்லாம் வாசலில் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் மாப்பிள்ளை வண்டியும் நிற்கட்டும். ஆனால் வழியில் ஒரு சத்தம் கேட்டாலும் அன்றைக்கே அதை விற்றுவிட வேண்டும். இதற்குச் சம்மதமா என்று கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்காமலே சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து வாரம் இருந்தது.

இவரும் பாயும் வேலையில் இறங்கினார்கள். பிளக்கை மாற்றினார்கள், இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினார்கள், டைமிங்கை முன்னே தள்ளிப் பின்னே தள்ளிப் பார்த்தார்கள். டமார். பழைய சைலன்சரை எடுத்துவிட்டு லாரி சைலன்சரை மாட்டினார்கள். சத்தம் அடங்கவில்லை, லாரி அளவுக்கு வளர்ந்தது.

அப்புறம்தான் நான் தலையை விட்டேன். வெடி எப்படி வெடிக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டுக்குக் காது கொடுத்தேன், இன்ஜினிலிருந்து சைலன்சர் குழாய் கிளம்பும் இடத்தில் சிப்சிப்பென்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் இணைப்பைச் சுற்றி கரி. சந்து இருக்கிறது, அது வழியாக வெளிக்காற்று உள்ளே போய் எரியாத பெட்ரோலோடு சேர்கிறது. பட்டாசில் சந்து விழுந்தால் புஸ் என்று போய்விடும், வண்டியில் சந்து விழுந்தால் வெடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டுபிடித்தது சரி. அடைத்த விதம்தான் வீட்டுப் பழக்கம். பட்டாசுக் குழாய் சுருட்டுகிற காகிதத்தைக் கிழித்து, மைதா பசை காய்ச்சித் தடவி, இணைப்பைச் சுற்றி எட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றினேன். காய்ந்ததும் கல்லாக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியைக் கிளப்பி இரண்டு மைல் போவதற்குள் கருகிய தோசை வாசனை வந்தது, மூன்றாவது மைலில் தீயே பிடித்தது. இவர் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, வெடிக்காரர் வீட்டுப் பெண்ணைக் கட்டினால் இப்படித்தான் என்று வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

பாய் சிரிக்கவில்லை. "தங்கச்சி சொன்ன எடம் சரிதான், ஒட்டுனதுதான் தப்பு" என்றார். அந்த இடத்தில் இருக்க வேண்டிய கேஸ்கட் என்ற தகடு இற்றுப்போயிருந்தது. சீமையிலிருந்து வரவழைக்கக் கப்பல் வர வேண்டும், பூஜைக்கு முன் வராது. நான் இன்ஜின் முகத்தில் கரியைத் தடவி, காகிதத்தை அழுத்தி அச்சு எடுத்தேன். அந்த அச்சை வைத்துப் பாத்திரக்கடைச் செம்புத் தகட்டில் இரண்டும், நடுவில் வைக்க ஆஸ்பெஸ்டாஸ் அட்டையில் ஒன்றும் பாய் வெட்டினார். தகட்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கி, சாமி அலமாரி ஸ்பேனரால் இறுக்கினார். வண்டி சாத்தூர் சாலையில் போய்த் திரும்பி வந்தது. இவர் காலை எடுத்தார், வைத்தார், எடுத்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒரு தகட்டுக்காக அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆயுத பூஜை அன்று பட்டுச் சேலை கட்டி, வண்டிக்கு மாலை போட்டு, காலையிலேயே கிளம்பினோம். வழி முழுக்க ஒரு சத்தம் இல்லை. ஆலைக்கு வெளியே சாலையில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. எங்கள் தலை தெரிந்ததும் கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. வண்டி சத்தமில்லாமல் வந்தது, சத்தமில்லாமல் கேட்டு முன்னால் நின்றது. இவர் மீசையைத் தடவிக்கொண்டு இன்ஜினை அணைத்தார்.

சந்தோஷத்தில் வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தோம். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

கேட்டில் நின்ற வாட்ச்மேன்தான் முதலில் பார்த்தார். "இன்னும் வெடிக்கல, பொகையுது" என்றார். அவ்வளவுதான். திரி எரிகிறது, வெடிக்கவில்லை. அறுபது பேரும் பொரிகடலைத் தட்டுகளைப் போட்டுவிட்டு, கருவேலங்காட்டைத் தாண்டி, அதே வயலுக்கு ஓடினார்கள். பூஜை செய்ய வந்த ஐயர் எல்லோருக்கும் முன்னால் போனார்.

ஒரே ஓர் ஆள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல், தீ வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பா எங்களை நோக்கி ஓடி வந்தார். எட்ட நின்று ஊற்றவில்லை. பானெட்டில் முட்டி நின்று, முழு வாளியையும் வண்டி மேலும் மாப்பிள்ளை மேலும் என் பட்டுச் சேலை மேலும் கவிழ்த்தார். அப்புறம் கதவைத் திறக்கத் தெரியாமல், மேலாகவே என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்.

"அது ரேடியேட்டர், மாமா" என்று இவர் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொன்னார்.

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாளியைக் கீழே வைத்தார். நனைந்த வண்டியைப் பார்த்தார், நனைந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பூஜைக்கு முன்னால் எல்லா வண்டியையும் கழுவித்தான் வரிசையில் விடுவார்கள்.

"கழுவியாச்சுல்ல மாப்ளை. பொட்டு வச்சிரலாம்" என்றார்.

வண்டி கிளம்ப மாட்டேன் என்றது. வயலிலிருந்து திரும்பி வந்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து தள்ளி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் நிறுத்தினார்கள். சந்தனம் வைத்தார்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பட்டாசு காயப்போடும் களத்தின் கடைசி மூலையில் மூன்று நாள் அதையும் காயப்போட்டார்கள். அந்த மூன்று நாளும் என் வீட்டுக்காரர் மாமனார் வீட்டிலேயே இருந்து வயிறு முட்டச் சாப்பிட்டார்.

பூஜை முடிந்ததும் அப்பா தனியாக இருந்தபோது கேட்டேன். "கிட்டப் போகக் கூடாது, எட்ட நின்னு ஊத்தணும்னு நீங்கதான அம்புட்டுப் பேருக்கும் சொல்வீக?"

"நீ உள்ள இருந்தேல்ல" என்றார்.

சொல்லிவிட்டுப் பொரிகடலையை அள்ளி என் பக்கம் நீட்டினார். நனைந்த முந்தானையில்தான் வாங்க வேண்டியிருந்தது. பாதி கீழே கொட்டிவிட்டது, அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.