தரையில் இருந்த பாட்டில்

ஒரு மழைக்காலத்தில் அரியக்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு விஷக்காய்ச்சல். என் வீட்டுக்காரரையும் பிடித்தது. ஒரு நாள் காலையில் இருமிக்கொண்டே இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு பாதியிலேயே முட்டியது. வண்டியில் வைக்கோலைப் பரப்பிக் கிடத்திக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது, கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டில் அடைத்துக்கொண்டு நுரையீரலை அமுக்கிச் சுருக்கிவிட்டது என்றார். விலா இடுக்கில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தரையில் இருந்த பாட்டில் தண்ணீருக்குள் விட்டார். இவர் இருமும்போதெல்லாம் தண்ணீரில் குமிழி கிளம்பியது.

“அடைச்ச காத்து வெளியேறுதும்மா. பாட்டில் தரையிலதான் இருக்கணும். மேல தூக்கினா தண்ணி நெஞ்சுக்குள்ள போயிரும்.”

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரு சொல்லைக் காதில் வாங்கினால் வாங்கினதுதான். பாட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் மாமியார் கொழுந்தனாரோடு வந்தார். மகனைப் பார்த்தார். ஜன்னலில் வெயில் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தார்.

“ஏத்தா, எம்புள்ளய வடக்க தல வச்சுப் போட்டிருக்காக. நீயும் பாத்துக்கிட்டு இருக்க?”

“இங்க கட்டில் அப்படித்தான் கிடக்கு, அயித்த.”

கஞ்சிச் செம்பைக் கழுவிவிட்டு நான் திரும்பி வந்தால், கொழுந்தனார் கட்டிலைத் திருப்பக் கால்மாட்டைப் பிடித்து நிற்கிறார். மாமியார் பாட்டிலைத் தூக்கி மெத்தை மேல் வைக்கப் போகிறார். தண்ணீர் குழாயில் ஏறத் தொடங்கியிருந்தது.

“கீழ வைங்க.”

வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. வைத்துவிட்டார். ஏறிய தண்ணீர் இறங்கியது.

“மாமியாருக்கு உத்தரவு போடுறியாக்கும்?”

“எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க. பாட்டில மட்டும் தொடாதீக.”

“சண்டைய அங்குட்டு வச்சுக்கங்க. சிரிச்சா வலிக்குது” என்றார் படுத்திருந்தவர்.

நர்சம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, இவரை மெல்லத் திருப்பித் தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தார். கட்டில் அசையவில்லை. பாட்டிலை நான் தரையோடு தரையாக நகர்த்தினேன். மாமியாருக்கும் மனசு ஆறியது.

அதன் பிறகு பார்க்க வந்தவர்களை அவரே விரட்டினார். “பாட்டில் பக்கம் போயிராதீக, எம்மருமக கடிச்சிருவா.”

குமிழி நாளுக்கு நாள் குறைந்து நின்றது. மறுபடி படம் எடுத்தார்கள். நுரையீரல் விரிந்துவிட்டது என்று டாக்டர் குழாயை உருவினார். இவர் நடந்தே வெளியே வந்தார்.

தலையைத் திருப்பிப் போட்டதால்தான் மகன் பிழைத்தான் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பாட்டிலை யார் காத்தது என்பது இவருக்குத் தெரியும்.