கேக்குக்கு ஒரு வாக்கெடுப்பு

நிறுவனம் கொடுத்த அந்தப் பச்சைச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, கார் துடைக்க. முதுகில் ‘உங்கள் குரலே எங்கள் வளர்ச்சி’ என்று அச்சடித்திருக்கும்.

பாயான் பாருவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கிளையில் கவுண்டரில் இருந்தேன். எங்கள் பிரிவுக்கு ஓர் அக்காதான் தலைவி. அவர் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. காலையில் கிளை திறக்குமுன், லைன் பழுது பார்ப்பவர்களையும் எங்களையும் கீழே இருந்த ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடையில் ஒன்றாக உட்கார வைப்பார். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே முந்தின நாள் புகார்களைப் பேசுவோம். எந்த அடுக்குமாடியில் இணைப்புப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது, எந்த வீட்டில் மாலையில்தான் ஆள் இருக்கும் என்றெல்லாம் அலசி, யார் எங்கே போவது என்று நாங்களே பிரித்துக்கொள்வோம். “வேலை செய்யிறது நீங்கதானே லா, நீங்கதான் சொல்லணும்” என்பார் அக்கா. லைனே வேண்டாமென்று வெட்டிவிட்டுப் போக வந்த வாடிக்கையாளர்கள்கூட மனம் மாறித் திரும்பிப் போனார்கள். கிளைக்கு நல்ல பெயர் வந்தது.

உடனே தலைமையகத்துக்கு மூக்கு வியர்த்துவிட்டது. புதிதாக வந்த மேலாளர் எங்கள் காலைப் பேச்சுக்கு ‘ஊழியர் பங்கேற்புத் திட்டம்’ என்று பெயர் சூட்டினார். மாமாக் கடை போய்க் குளிரூட்டிய அறை வந்தது. சட்டை வந்தது, கைதட்டல் வந்தது, படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடும் கூத்தும் வந்தது. யார் எங்கே போவது என்பதை மட்டும் கோலாலம்பூரில் ஒரு கணினி முடிவு செய்தது. தண்ணீர் இறங்கும் பெட்டியைப் பற்றி அக்கா வாயைத் திறந்தால், “பாசிட்டிவா பேசுங்க அக்கா” என்று மேலாளர் சிரிப்பார். புகார்கள் குவிந்தன, வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டார்கள். மேலாளருக்கோ ஊழியர் பங்கேற்புக்கு விருது! மேடையில் அவர் அதை வாங்க, பின்னால் பச்சைச் சட்டையோடு நின்று நாங்கள் பல்லைக் காட்டினோம். தூ!

கடைசியில், வருமானம் விழுந்துவிட்டது என்று சொல்லி எங்கள் பிரிவின் வேலையையே ஒரு வெளிக் குத்தகைக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். அக்கா உட்பட எல்லோருக்கும் வேலை போயிற்று. அதை அறிவித்த கையோடு மேலாளர் வெள்ளைப் பலகையில் இரண்டு கட்டம் போட்டார்.

“ஃபேர்வெல் கேக் சாக்லெட் ஃப்ளேவரா, பாண்டான் இலை ஃப்ளேவரா? நீங்களே டிசைட் பண்ணுங்க. இது உங்க முடிவு.”

அக்கா எழுந்தார்.

“கேக் வேணாம் பாஸ். ஆளுங்கள நிப்பாட்டுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

மேலாளர் உருக்கமாகத் தலையாட்டினார். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘கேக் வேண்டாம்’ என்று எழுதி, அதற்குள் ஒரு கோடு இழுத்தார்.

“ஓகே, ஒண்ணு. வேற யாரு?”