ஸ்டார்ட்டரைக் காத்த கல்யாணத் தட்டு

மற்றவர்கள் காரை நிழல் பார்த்து நிறுத்துவார்கள். நான் இறக்கம் பார்த்து நிறுத்தி வந்தேன். தருமபுரியில் எந்தக் கல்யாண மண்டபத்தின் முன்னால் சாலை சரிகிறது, எந்தத் துணிக்கடைக்குப் பக்கத்துச் சந்து பள்ளமாகப் போகிறது என்று கேட்டால் அப்போதெல்லாம் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். எங்கள் பச்சைக் கார் என்னைவிடச் சற்று மூத்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். ஓடிச் சூடேறிய பின் அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருப்பினால் மட்டும் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தள்ள வேண்டும். இறக்கமென்றால் உருட்டியே கிளப்பிவிடலாம்.

மனைவி இதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், அவளுடைய அண்ணன் வீட்டுப் புதுமனை விழா வரைக்கும். ஏரியூர்ப் பக்கம், தட்டையான வயல்களுக்கு நடுவே வீடு. இறக்கம் என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் லாரிக்கு வழிவிடுவதற்காகக் காரை எடுக்கப் போனேன். டொக். பந்தியில் இருந்தவர்கள் சாம்பார்க் கையோடு எழுந்து வந்து தள்ளினார்கள். பின்கண்ணாடியில் மஞ்சள் விரல் அடையாளங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

மறு வாரமே மச்சான், அதாவது அந்த அண்ணன், காருக்கு ஆள் பிடித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்ளும் தோட்டம் ஒன்றில் அழகுக்கு நிறுத்தி வைக்கக் கேட்கிறார்களாம்.

"ஓடவே வேண்டாமாம் மாப்ள. நாலு சக்கரம் இருந்தாப் போதுங்கறாங்க. உங்க வண்டிக்குன்னே வந்த வேலைங்க அது."

மனைவி தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம வத்தல்மலைக்குப் போவோம். அண்ணனும் வரட்டும். மேல போயி, அண்ணன் காட்டற எடத்துல நிறுத்தி, டீ குடிச்சிட்டுத் திருப்புங்க. கிளம்புச்சுன்னா நம்ம வூட்லயே இருக்கட்டும். இல்லீன்னா தோட்டத்துக்குப் போவட்டும்."

ரிப்பேரை நான் முறையாகத் தொடங்கினேன். தரையில் பழைய போர்வையை விரித்து, கழற்றிய நட்டுகளை அளவு வாரியாக டம்ளர்களில் போட்டேன். காபிக்கு டம்ளர் இல்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் வயரை மாற்றித் தடிமனாகப் போட்டேன். எர்த் வயர் பாடியைத் தொடும் இடத்தில் துருவைச் சுரண்டி, உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். இப்போது 'டொக்' போய், ஒரு முனகல் வந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் முனகலைக் கேட்டு மச்சான் காரை விட்டுவிடமாட்டார்.

ஊர் சுற்றிச் சூடேற்றி வந்து, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஸ்டார்ட்டர்மேல் சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஜம்மென்று சுற்றியது. ஆக, குற்றவாளி சூடுதான். சைலன்சர் குழாய் ஸ்டார்ட்டரை உரசாத குறையாகப் போகிறது. ஓடும்போது காற்றுப் படுகிறது. நிறுத்தியதும் குழாயின் மொத்தச் சூடும் பக்கத்து வீடான ஸ்டார்ட்டருக்கு வந்துவிடுகிறது. நடுவில் ஒரு தகடு வைத்து மறைக்க வேண்டும்.

பரணின் மூலையில், பழைய சாக்குக்கு அடியில், எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. இருப்பதில் கனமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அட்டையில் வடிவம் வரைந்து, வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, வளைத்து, காற்றுப் புக இடைவெளி விட்டு முடுக்கினேன். கீழே படுத்து, நிறைவோடு துணியால் துடைத்தபோதுதான் எழுத்துகள் தெரிந்தன. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பாத்திரத்தைப் பெயர் வெட்டாமல் கொடுக்கிற வழக்கம் இல்லை. யார் கொடுத்தது என்பது பாத்திரம் உள்ளவரை தெரிய வேண்டும். தெரிந்தது. மச்சானின் பெயர், ஊர், அன்பளிப்பு என்ற சொல். ஓரம் முழுக்க வெட்டுப்பட்டிருந்தும் பெயருக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

அது சனிக்கிழமை சாயங்காலம். கழற்ற மனம் வரவில்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆனால் எந்த வண்டி கிளம்பாமல் நின்றாலும் முதலில் கீழே குனிந்து பார்ப்பது மச்சானின் பழக்கம். மலைமேல் கார் கிளம்பாவிட்டால் தோட்டத்துக்காரர்களுக்குக் காரும் போகும், வெட்டிய அன்பளிப்பைப் பார்த்து எனக்கு மச்சானும் இல்லாமல் போவார்.

கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"எதுக்குங்க சிரிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான்."

"வண்டியப் பிரியப் போற துக்கம்மா அது," என்றார் பின்சீட்டில் மச்சான்.

மேலே டீக்கடை முன்னால் இடத்தைத் தேர்வு செய்ய அவர் பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். டீ வந்தது. மனைவி அடுத்த வீட்டில் சாமை வாங்கப் போய்ப் பேரம் பேசினாள். சூடு ஸ்டார்ட்டரில் ஏறி உட்காரும் நேரமே அதுதான். மச்சானுக்கும் அது தெரியும்.

"இன்னொரு டீ சொல்லுங்க மாப்ள. நல்லா வேகட்டும்."

கடைசியில் காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன்.

கிளம்பியது! முனகலில்லை, டொக்கில்லை, காலையில் கிளம்புவதுபோலக் கிளம்பியது. நம்பிக்கையில்லாமல் அணைத்துத் திருப்பினேன். மறுபடி கிளம்பியது. மறுபடி அணைத்தேன். டீக்கடைக்காரர் இறங்கி வந்தார்.

"வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க, நல்லாயிருச்சுங்க!"

"போதுங்க, பேட்டரி தீந்துரப் போவுது," என்று மனைவி சாமைப் பையோடு நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மச்சானை மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வேட்டியை மடித்துக்கட்டி, துண்டை விரித்து, வண்டிக்கடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"அப்பிடி என்னதான் பண்ணீங்கன்னு பாக்கறேன்."

"சூடா இருக்குதுங்க மச்சான், வேண்டாம்…"

அவர் இன்னும் உள்ளே நகர்ந்தார். பிறகு, "மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"என் பேரு இங்க என்னங்க பண்ணுது?"

மனைவி குனிந்து பார்த்தாள். "அய்யோ, அந்தத் தட்டா! தீவாளியிலிருந்து தேடிட்டிருக்கேன்!"

"தலைகீழா வேற இருக்குதே."

"அப்பிடித்தான் பொருந்துச்சுங்க மச்சான்."

வேட்டி குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. வெளியே வந்தவர் முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல் போனை எடுத்துத் தோட்டத்துக்காரரை அழைத்தார். "அந்தப் பச்சக் காருங்களா? இல்லீங்க, குடுக்க முடியாதுங்க. என் பேரு வெட்டியிருக்குதுங்க. எம் பேர எப்பிடிங்க அடுத்தவன் தோட்டத்துல நிறுத்தறது?"

இறங்கும்போது அவரே முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சாலை சற்றுத் தட்டையாகும் இடமெல்லாம் நிறுத்தச் சொல்லி, கையை நீட்டித் தானே சாவியைத் திருப்பினார். நான் பழக்கதோஷத்தில் ஒரு சரிவில் நிறுத்தியபோது மட்டும் திட்டு விழுந்தது.

"முன்னால எடுங்க மாப்ள. இறக்கத்துல கிளம்பறதெல்லாம் ஒரு கிளம்பறதா?"