பைய இறங்கும் பக்கெட்

செல்லத்துரை அண்ணன் போய்விட்டார். நேற்று அடக்கம் முடிந்தது.

இராஜாக்கமங்கலம் பக்கம் வாழையும் நெல்லும் போட்டிருந்தவர். மினி டிராக்டரின் முன் பக்கெட்டில் நாற்காலி வைத்து, அதில் மனைவியை உட்கார வைத்து சர்ச்சுக்குக் கூட்டி வருவாரே... அவர்தான்.

காலையிலிருந்து ஒரே மெசேஜ். "டிராக்டர் கவுந்தா செத்தாரு?" இல்லை. டிராக்டர் அவரை ஒன்றும் செய்யவில்லை. எலிக்காய்ச்சல். தண்ணீர் கட்டிக் கிடந்த வயலில் நின்று வாங்கிக்கொண்டது.

போன வாரம் காய்ச்சலோடு என் கடைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. நாகர்கோவிலில் டிராக்டர், ஜேசிபிக்கு ஆயில் போகும் ஹைட்ராலிக் ஹோஸ் கடை வைத்திருக்கிறேன். சத்தம் போடாமல் எனக்குப் பேச வராது.

"ஆஸ்பத்திரிக்குப் போவாம இங்க வந்து என்ன செய்யுதிய?"

"போனா அட்மிட் ஆவச் சொல்லுவான் டே. ஒனக்க மைனிய யாரு தூக்கி இருத்துவா?"

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசியில் ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கிட்னி போயிருந்தது.

எஸ்தர் மைனி, அவர் மனைவி. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கரை வழியாகத்தான் ரோட்டுக்கு வரவேண்டும், ஆட்டோ போகாது. ஆட்கள் பிளாஸ்டிக் சேரில் வைத்துத் தூக்கி வருவார்கள். ஒருநாள் ஒருத்தனுக்குக் கால் வழுக்கி, சேரோடு வாய்க்காலில் விழுந்தார் மைனி.

"இனி மனுசன் தூக்கி நான் எங்கயும் வரமாட்டேன். செத்தா தூக்குங்க." அதோடு ரூமை விட்டு வெளியே வரவில்லை. சர்ச் இல்லை, கல்யாணம் இல்லை, ஒன்றும் இல்லை.

அண்ணன்தான் பொறுக்க முடியாமல் அந்தப் பக்கெட்டில் கை வைத்தார். பெல்ட்டோடு ஒரு சேரை போல்ட்டு போட்டு முறுக்கினார். பாரத்தில் டிராக்டர் முன்பக்கம் கவிழாமல் இருக்க, பின்னால் ஒரு டிரம்மில் கான்கிரீட் நிரப்பி மாட்டினார். வீட்டு வாசல் உயரத்துக்குப் பக்கெட்டைத் தூக்கி நிறுத்தினால் மைனி நகர்ந்து ஏறிக்கொள்ளலாம். யாரும் தூக்க வேண்டாம்.

அப்புறம் என்னிடம் வந்தார். "மக்கா, எறங்கும்போ டபக்குனு விழப்பிடாது. பைய எறங்கணும். அவ பயப்படுவா."

எனக்கு வந்ததே கோபம்... "பக்கெட்டுல ஆள ஏத்தப்பிடாதுன்னு படம் போட்டு ஒட்டியிருக்கான். கண்ணு தெரியல்லியா?"

"ஆளத்தான் டே ஏத்தப்பிடாது. இவ எனக்க பொண்டாட்டி."

இந்த ஆளை என்ன செய்ய? ஹோஸ் ஜாயின்ட்டுக்குள் சின்ன ஓட்டை போட்ட வாஷர் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். ஆயில் மெதுவாகத் திரும்பும், பக்கெட்டும் மெதுவாக இறங்கும். உரம் அள்ள இரவல் வாங்கிப் போனவர்கள் எல்லாம் என்னைத்தான் திட்டினார்கள். "எளவு, இது எறங்கதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிட்டு வந்திரலாம்." கழற்றித் தரவா என்று அண்ணனிடம் கேட்டேன். தொட விடவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் கூட நடந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் பக்கெட்டில் மைனி. "கல்லு கெடக்கு... பள்ளம் கெடக்கு..." வழி முழுக்க அதிகாரம்தான்.

"எனக்கும் கண்ணு இருக்கு, ஏட்டி." முகம் முழுக்கச் சிரிப்பு அண்ணனுக்கு.

நேற்று நல்ல மழை. ரோட்டிலிருந்து அண்ணனின் சவப்பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வரும்போதே ஆட்கள் வழுக்கி, பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. திரும்ப எடுக்கும்போது டிராக்டர் பக்கெட்டில்தான் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மைனி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் குழி வரைக்கும் வரணும்."

பெட்டி வைக்க வேண்டுமானால் சேரைக் கழற்ற வேண்டும். ஸ்பேனரோடு போய் நின்றேன். "மைனி, அண்ணன ரோட்டுல எறக்கிட்டு ஒடனே வாறேன். சேர மாட்டி ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்."

"கழத்து," என்றார். "நட்ட எங்கயும் போட்டிராத."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டி, நான்தான் ஓட்டினேன்.

ரோட்டில் ஏறினதும் பின்னால் சத்தம். ஊறிக் கிடந்த கரை இடிந்து வாய்க்காலுக்குள் போய்விட்டது. டிராக்டர் இனி அந்தப் பக்கம் போகாது.

சபைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், சேரில் வைத்துத் தூக்கி வருகிறோம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். மைனி வரமாட்டேன் என்றுவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் அண்ணன் அந்தப் பக்கெட்டிலேயே வந்தார். குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி லீவரைத் தள்ளினேன். மழையில் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றோம். பக்கெட் அதன் பாட்டுக்கு இறங்கியது. சாயா குடிக்கப் போகலாம் என்று நேற்று யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் தண்ணீரில் இறங்கி வீட்டுக்குப் போனேன். மைனியின் தங்கை வந்திருக்கிறார், ஞாயிறு வரைக்கும் இருப்பாராம். மைனி ஜன்னல் பக்கம் கட்டிலில் கிடந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"மக்கா... அவர பையத்தானே எறக்குன?"

"ஆமா மைனி. பையத்தான் எறங்குச்சு."

தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போய் வாங்க அண்ணே. நட்டு எங்கிட்டதான் இருக்கு.